படுக்கையறை ரிமோட் காலையில் மட்டும் கேட்பதில்லை; பேட்டரி மாற்றினால் ஓரிரு நாள் ஓடுகிறது

மூன்றாம்மாடி (திங்கள், இரவு 9.40)

வணக்கம். சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். ஒன்றரை ஆண்டுகளாக வீட்டு விளக்குகளை ஜிக்பீ என்ற கம்பியில்லா முறை வழியாக இயக்கி வருகிறேன். கூடத்தில் டிவிக்குப் பின்னால் ஒரு சிறிய கணினி இருக்கிறது. வீட்டுக் கருவிகளை நிர்வகிக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளும், ஜிக்பீ கருவிகளை அதனோடு இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடியும் அதில்தான் ஓடுகின்றன. ஜிக்பீ சிக்னலை வாங்கி அனுப்பும் டாங்கிளை அதன் யுஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகியிருக்கிறேன். வலைப்பின்னலில் 6 பல்புகள், 3 பிளக்குகள், கதவுகளில் ஒட்டிய 2 உணரிகள், 3 ரிமோட்டுகள், படுக்கையறை டியூப்லைட்டுக்காக ஸ்விட்ச் பெட்டிக்குள் வைத்த ஒரு மாட்யூல் ஆகியவை உள்ளன.

தொல்லை தருவது படுக்கையறை ரிமோட். நான்கு பொத்தான்கள், சிஆர்2032 பேட்டரி. இரவில் படுக்கும்போது ஒழுங்காகக் கேட்கிறது. காலை ஐந்தரை மணிக்கு எழுந்து அழுத்தினால் முதல் அழுத்தத்துக்குப் பெரும்பாலும் பதில் இல்லை. மூன்றாவதிலோ நான்காவதிலோ டியூப்லைட் எரிகிறது. சில நாட்களில் எரிவதே இல்லை. அந்த நேரத்தில் பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் போட்டால் உடனே வேலை செய்கிறது, ஓரிரு நாள் நன்றாக இருக்கிறது, பிறகு மீண்டும் அதே நிலை. இரண்டு மாதத்தில் ஐந்து பேட்டரிகள் ஆகிவிட்டன. மளிகைக் கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் கேட்காமலேயே பேட்டரியை எடுத்து வைக்கிறார். பேட்டரி போலியா, ரிமோட்டே பழுதா என்று தெரிந்தால் அதற்கேற்பச் செலவு செய்யலாம்.

ஈயப்பற்று (திங்கள், இரவு 10.15)

பேட்டரி தீர்கிறது என்பதை நான் நம்பவில்லை. சிஆர்2032 ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி. அது இரண்டே நாளில், அதாவது 48 மணி நேரத்தில் தீர வேண்டுமானால், ரிமோட் இடைவிடாமல் நாலரை மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். உறங்கும் நிலையில் இருக்கும் ரிமோட்டுக்கு ஒரு சில மைக்ரோஆம்பியர் போதும். ஐந்து பேட்டரிகளும் இப்படிக் குறுகிய நாட்களில் தீர்ந்தன என்றால், உள்ளே எங்கோ ஷார்ட் ஆகியிருக்க வேண்டும். அப்படி ஆகியிருந்தால் இரவிலும் அது ஒழுங்காக வேலை செய்திருக்காது.

ஆகவே ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை ரிமோட் அடம் பிடிக்கும்போது புதிய பேட்டரியைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பதைக் கழற்றி, அரை நிமிடம் வெளியே வைத்துவிட்டு, அதே பேட்டரியைத் திரும்பப் போட்டு அழுத்திப் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்தும் பார்க்கலாம். ஆனால் சும்மா முனைகளை வைத்து அளந்தால் பாதி செத்த பேட்டரியும் 3 வோல்ட் காட்டி ஏமாற்றும். 100 ஓம் மின்தடை ஒன்றை இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு விநாடி பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். ரிமோட் சிக்னலை அனுப்பும் கணத்தில் பேட்டரிக்கு ஏற்படும் சுமைக்கு இது ஓரளவு ஈடாகும். நல்ல பேட்டரி சற்றே இறங்கி நிற்கும், தீர்ந்தது கண்முன்னே சரியும்.

இன்னொன்று. குழந்தைகள் விழுங்காமல் இருக்கச் சில நிறுவனங்கள் காசு பேட்டரியின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன. அது சில கருவிகளில் தொடுமுனையைச் சரியாகத் தொடவிடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

மூன்றாம்மாடி (புதன், காலை 6.20)

ஈயப்பற்று அவர்களுக்கு நன்றி. இன்று காலை ஐந்து முறை அழுத்தியும் விளக்கு எரியவில்லை. அதே பேட்டரியைக் கழற்றி, எண்ணி முப்பது விநாடி கழித்து அதையே போட்டேன். அடுத்த அழுத்தத்தில் எரிந்தது. நீங்கள் சொன்னபடி மின்தடையுடனும் அளந்தேன், முள் 2.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அப்படியானால் இத்தனை நாள் நான் மாற்றிய ஐந்தும் நல்ல பேட்டரிகள். மேசை இழுப்பறையில் அவை வரிசையாகக் கிடக்கின்றன.

ரிமோட் கேட்காத நேரத்தில் கைப்பேசியில் தொட்டால் டியூப்லைட் தயங்காமல் எரிகிறது என்பதையும் குறித்துக்கொண்டேன்.

அலைவரிசை (புதன், காலை 9.05)

கைப்பேசியில் எரிகிறது என்றால் கணினியிலிருந்து விளக்குக்குப் போகும் பாதி நன்றாக இருக்கிறது. ரிமோட்டிலிருந்து கணினிக்கு வரும் பாதியில்தான் அழுத்தம் தொலைகிறது. அந்தப் பாதியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டாங்கிள் இருக்கும் இடம். கணினித் துளையில் நேரடியாகச் செருகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துளையோ பக்கத்துத் துளையோ யுஎஸ்பி 3 ஆக இருந்தால், அதில் ஓடும் 5 கிகாபிட் வேகத் தரவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி முழுவதும் இரைச்சலைப் பரப்பும். இதை இன்டெல் நிறுவனமே 2012-இல் அளந்து வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க் ஒன்றும் பக்கத்தில் செருகியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள யுஎஸ்பி 2 நீட்டிப்பு வயரை வாங்கி, டாங்கிளை டிவியின் உலோக முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். என் அனுபவத்தில் நூறு ரூபாய் சொச்சத்துக்கு இதைவிடப் பெரிய பலன் தரும் பொருள் வேறில்லை.

இரண்டாவது, வைஃபை. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சேனல்கள் உள்ளன. 11 என்பது 2405 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்த சேனல்கள் ஐந்தைந்து மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். வைஃபையின் 1-ஆம் சேனல் 2412-ஐ நடுவாகக் கொண்டு இரு பக்கமும் பத்துப் பத்து மெகாஹெர்ட்ஸ் விரிகிறது. எனவே ஜிக்பீ 11-இல் இருந்து, வைஃபை ரவுட்டர் 1-இல் இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் கத்திக்கொண்டிருக்கும். ஜிக்பீ அனுப்பும் முன் காது கொடுத்துக் கேட்டு, காற்று அமைதியாக இருந்தால் மட்டுமே பேசும். சந்தடி ஓயவில்லை என்றால் சில முறை காத்திருந்துவிட்டுக் கைவிட்டுவிடும். வைஃபை 1, 6, 11 ஆகியவற்றின் இடுக்குகளில் விழுவன ஜிக்பீ 15-உம் 20-உம். 25 மேல் விளிம்புக்கு வெளியே நிற்கும். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று கட்டிவையுங்கள். 40 என்றோ தானியங்கி என்றோ விட்டால் அந்த இடுக்குகள் மூடிக்கொள்ளும்.

ஆனால் ஜிக்பீ சேனலை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். உறங்கும் ரிமோட்டுகளுக்கு அந்த மாற்றம் எட்டாமல் போகலாம். பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும். முதலில் வைஃபையை நகர்த்துங்கள், வைஃபை கருவிகள் தாமே பின்தொடரும்.

சாலையோரம் (புதன், நண்பகல் 12.30)

இவ்வளவு பாடு எதற்கு? ஜிக்பீயை எடுத்துவிட்டு 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் வாங்கிப் போடுங்கள். என் வீட்டு கேட் மோட்டாருக்கு அதுதான், நான்கு வருடமாக ஓடுகிறது.

அலைவரிசை (புதன், மாலை 6.10)

சாலையோரம் அவர்களே, 433 சுவரை நன்றாகத் துளைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வகை மலிவான ரிமோட்டுகள் ஒருவழிப் பேச்சு. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று ரிமோட்டுக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது. கேட்டுக்கு அருகில் நின்று அழுத்தும்போது உங்கள் கண்ணே அந்த ஒப்புதலைத் தருகிறது. நண்பர் நெரிசல் இல்லாத அலைவரிசைக்கு மாற விரும்பினால் இசட்-வேவ் என்ற இன்னொரு கம்பியில்லா முறை இருக்கிறது, இந்தியாவுக்கு அது 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில். வெளிநாட்டிலிருந்து உறவினர் பையில் வரும் அமெரிக்க 908 மெகாஹெர்ட்ஸ் கருவி இங்குள்ளவற்றோடு பேசாது. த்ரெட், அதன் மேல் ஓடும் மேட்டர் என்று புதிய முறைகளுக்குப் போனாலும் அடியில் இருப்பது ஜிக்பீயின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான்.

மூன்றாம்மாடி (சனி, காலை 7.00)

நீட்டிப்பு வயர் வாங்கி டாங்கிளை டிவி மேசையின் ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்; ரவுட்டரையும் 20 மெகாஹெர்ட்ஸில் கட்டி, 1-ஆம் சேனலில் இருந்ததை 11-க்கு மாற்றினேன். வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. சமையலறை பிளக்கின் எல்க்யூஐ (இணைப்பின் தரத்தைக் காட்டும்) எண் 50-ஐ ஒட்டித் தள்ளாடிக்கொண்டிருந்தது, இப்போது 120-க்குக் கீழே வருவதில்லை. அடிக்கடி காணாமல் போகும் கதவு உணரியும் அடங்கிவிட்டது.

படுக்கையறை ரிமோட் மட்டும் இன்று காலையும் அப்படியே. நான்காவது அழுத்தத்தில்தான் எரிந்தது. அலைவரிசை அவர்கள் சொன்ன இரைச்சல் உண்மையாகவே இருந்தது, ஆனால் என் நோய்க்கு அது காரணம் இல்லை போலிருக்கிறது.

பழையரேடியோ (சனி, காலை 10.45)

இந்த இழையில் எல்லோரும் "எங்கே" என்று தேடுகிறீர்கள். எனக்கு உறுத்துவது "எப்போது". அண்டை வீட்டு வைஃபை ஐந்தரை மணிக்குத்தான் அமைதியாக இருக்கும், இரவு ஒன்பது மணிக்குத்தான் கூச்சல் அதிகம். உங்கள் ரிமோட்டோ கூச்சலில் வேலை செய்து அமைதியில் படுத்துக்கொள்கிறது. எனவே இரவு படுப்பதற்கும் காலை எழுவதற்கும் இடையில் வீட்டில் ஏதோ ஒன்று மாறுகிறது. அது என்ன?

கேள்வியின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் ஓடும் ஜிக்பீ கருவி நேரடியாக எல்லோரோடும் பேசாது. வலைப்பின்னலில் சேரும்போது, மின்சாரத்தில் ஓடும் ஒரு கருவியை, பெரும்பாலும் சிக்னல் வலுவாகக் கிடைப்பதைப் பார்த்து, தனக்குப் பெற்றோராக வைத்துக்கொள்ளும். அது டாங்கிளாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், பல்பாகவும் இருக்கலாம். அதன்பின் சொல்வது எல்லாம் அந்தப் பெற்றோரின் காதில்தான்; மேலே கடத்துவது பெற்றோரின் வேலை. அந்தப் பெற்றோர் மின்சாரம் இழந்து கிடந்தால், ரிமோட் அனுப்புகிறது, ஒப்புதல் வரவில்லை, திரும்ப அனுப்புகிறது, அப்போதும் வரவில்லை. இப்படிச் சில முறை தோற்ற பிறகுதான் "பெற்றோர் போய்விட்டார்" என்ற முடிவுக்கு வந்து வேறொருவரைத் தேடத் தொடங்கும். இதற்குச் சில விநாடிகள் ஆகும், அதற்குள் நீங்கள் அழுத்திய அழுத்தமெல்லாம் வீண். சில ரிமோட்டுகள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகச் சிறிது நேரம் தேடிவிட்டு உறங்கிவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் புதிதாக விழித்து, அந்த நேரத்தில் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஐந்து பேட்டரிகளும் "வேலை செய்தது" இதனால்தான் என்று நினைக்கிறேன்.

படுக்கையறைக்குள் இருப்பது ஸ்விட்ச் பெட்டி மாட்யூல் ஒன்றுதான் என்கிறீர்கள். அதற்கு நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) கொடுத்திருக்கிறீர்களா? நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாட்யூல்கள் பெரும்பாலும் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருப்பதால் பிறர் செய்தியைக் கடத்தும் வேலையை ஏற்பதில்லை. அப்படியென்றால் ரிமோட்டின் பெற்றோர் அறைக்கு வெளியே இருக்கிறார். ஜிக்பீ2எம்க்யூடிடியில் வலைப்பின்னல் வரைபடத்தைத் திறந்து யாரென்று பாருங்கள். ஆனால் உறங்கும் கருவிகளுக்கு அந்தப் படம் பழைய செய்தியைக் காட்டுவதும் உண்டு என்பதால், சந்தேகப்படும் கருவியை அணைத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மூன்றாம்மாடி (சனி, இரவு 8.30)

பழையரேடியோ ஐயா, கேள்வியைப் படித்தவுடன் விடை எங்கள் வீட்டு நடையில் கண்ணுக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது.

மாட்யூலுக்கு நியூட்ரல் இல்லை. படுக்கையறை வாசலை ஒட்டிய நடையில் ஒரு ஜிக்பீ பல்பு இருக்கிறது. வரைபடத்தில் ரிமோட்டின் கோடு அதற்குத்தான் போகிறது. இரவில் யாரும் தடுக்கி விழாமல் இருக்க அதை மங்கலாக எரியவிடுவோம். அப்பா காலை நாலே முக்கால் மணிக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்புவார். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறக்கும் முன், இடது கையால் நடையின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் போவார். நாற்பது வருடப் பழக்கம். பல்பு மறுபடி உயிர் பெறுவது மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், அம்மாவின் கையால்.

உறுதிசெய்ய இன்று மாலை சோதித்தேன். நடை விளக்கு எரியும்போது இருபது முறை அழுத்தினேன், இருபதும் பதிவாயின. சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு அழுத்தினேன். கணினியின் லாக் (நிகழ்வுப் பதிவு) திரையில் ஒரு வரியும் வரவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. ரிமோட்டின் சிவப்புப் புள்ளி மட்டும் ஒவ்வொரு முறையும் மின்னியது. ஐந்தாவதில் ஒரு வரி வந்தது, எல்க்யூஐ 22. இப்போது அது கூடத்து டாங்கிளை எட்டிப் பிடித்திருக்க வேண்டும், இடையில் இரண்டு கான்கிரீட் சுவர்களும் பிரிட்ஜும் இருக்கின்றன. ஓரிரு நாள் நன்றாக இருந்து மீண்டும் கெடுவதும் இதனால் விளங்குகிறது. அந்த நொய்ந்த இணைப்பு ஒரு மாலையில் அறுந்து, ரிமோட் மறுபடி தேடும்போது, வாசலில் பளிச்சென்று நிற்கும் நடை பல்பைத்தான் பிடிக்கும்.

தென்காசிச்சாரல் (ஞாயிறு, காலை 8.15)

எங்கள் ஊரில் அப்பாவின் இடது கைக்குப் பதில் மின்வெட்டு. கணினியும் டாங்கிளும் இன்வெர்ட்டரில் இருந்ததால் நான் கவலைப்படவில்லை. ஆனால் செய்தி கடத்தும் பிளக்கை ஏசி பாயிண்டில் வைத்திருந்தேன், அந்த லைனுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை. கரண்ட் போனால் மாடியிலிருந்த இரண்டு ரிமோட்டுகளும் ஊமையாகிவிடும், அதுவும் விளக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில். பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் 6 ஆம்பியர் பாயிண்டுக்கு மாற்றிய பிறகு சரியானது. நண்பர் புதிதாக எதை வைத்தாலும் மெயினை ஒரு முறை அணைத்து, எந்தெந்தப் பாயிண்டில் உயிர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வைப்பது நல்லது.

ஈயப்பற்று (ஞாயிறு, காலை 11.00)

தீர்வுக்கு வருவோம். நடை ஸ்விட்சின் மேல் "தொடாதே" என்று டேப் ஒட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சுவரில் ஸ்விட்ச் இருக்கும்வரை கை அதற்குத்தான் போகும், போவதும் நியாயமே. அந்த இடத்தில் சாதாரண எல்இடி பல்பைப் போட்டு, ஜிக்பீ பல்பை யாரும் ஸ்விட்சில் அணைக்காத வேறோர் இடத்துக்கு மாற்றுங்கள்.

படுக்கையறைக்குள் ஒரு ஜிக்பீ பிளக் வையுங்கள், இன்வெர்ட்டர் லைனில். அது வலைப்பின்னலில் சேர்ந்ததும், ஜிக்பீ2எம்க்யூடிடியில் புதிய இணைப்பை அந்தப் பிளக் வழியாக மட்டும் அனுமதிக்கும்படி தேர்ந்தெடுத்து, ரிமோட்டை அதன் அருகில் வைத்து மீண்டும் இணைத்தால், அது பிளக்கையே பெற்றோராகக் கொள்ளும்.

ஸ்விட்ச் பெட்டி மாட்யூலைப் பற்றி ஒரு சொல். பல வீடுகளில் ஸ்விட்ச்போர்டுக்கு நியூட்ரல் வராது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அதே போர்டில் ஒரு சாக்கெட் இருந்தால் நியூட்ரல் அங்கே இருந்தே ஆக வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், நீங்களே திறக்க வேண்டாம். ஆனால் நியூட்ரல் உள்ள மாட்யூல் போட்டாலும் தகர ஸ்விட்ச் பெட்டிக்குள் புதைந்திருப்பதால் அதன் சிக்னல் பாதி உள்ளேயே நின்றுவிடும். எனவே பிளக்தான் என் தேர்வு.

மூன்றாம்மாடி (அடுத்த வியாழன், இரவு 9.20)

பிளக் வந்தது, கட்டில் ஓரத்துச் சாக்கெட்டில் இருக்கிறது. நடையில் சாதாரண பல்பு. ரிமோட்டைப் பிளக் வழியாக இணைத்து மூன்று காலைகள் ஆகின்றன, மூன்றிலும் முதல் அழுத்தத்திலேயே எரிந்தது. ரிமோட் லாகில் காட்டும் எல்க்யூஐ இப்போது 200-ஐத் தாண்டி நிற்கிறது.

ஒரு குறை மட்டும் மிச்சம். விளக்கைப் போட்ட உடனே மனம் மாறி அணைக்க அழுத்தினால் சில நேரம் அணைவதில்லை. இதற்கும் பெற்றோர் காரணமா?

நள்ளிரவுநிரலர் (வியாழன், இரவு 11.50)

லாகில் இரண்டாவது அழுத்தத்துக்கான வரி வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் ரேடியோவை மறந்துவிடுங்கள். குற்றவாளி, பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிவைத்த ஆட்டோமேஷன். அதில் எங்காவது காத்திருப்பு வைத்திருக்கிறீர்களா? ஹோம் அசிஸ்டென்டில் ஆட்டோமேஷனின் இயல்பான முறை "ஒற்றை" என்பது. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி தூண்டினால், ஏற்கெனவே ஓடுகிறது என்று ஓர் எச்சரிக்கையை லாகில் எழுதிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடும். அதை "மீண்டும் தொடங்கு" என்ற முறைக்கு மாற்றினால், பழையதை நிறுத்திவிட்டுப் புதிய அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். நானும் ஒரு பொத்தானை இதற்காகவே கழற்றிச் சுத்தம் செய்து, பழியை ரப்பர் மீது போட்டவன்தான்.

மூன்றாம்மாடி (ஞாயிறு, காலை 6.05)

நிரலர் சொன்னதேதான். விளக்கு எரிந்த பின் அறை மின்விசிறியின் வேகத்தைக் குறைக்க 20 விநாடி காத்திருப்பு ஒன்றை நானே எப்போதோ எழுதி வைத்திருக்கிறேன், மறந்தும் போயிருக்கிறேன். முறையை மாற்றிய பிறகு போட்டும் அணைத்தும் பார்த்தேன்: 60 அழுத்தங்களில் 59 பதிவாயின. தவறிய ஒன்று, மகள் ரிமோட்டைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கியது.

இழுப்பறையில் இருந்த ஐந்து பேட்டரிகளில் இரண்டைக் கதவு உணரிகளுக்குப் போட்டுவிட்டேன். மற்ற மூன்றும் நன்றாகவே இருக்கின்றன.